மடியில் முழு அரிசி

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சந்தோஷம். எங்கள் வீட்டிலும் சந்தோஷம்தான், காரணம் வேறு. காயப்போட்ட நெல்லில் சாரல் பட்டால் அரைக்கும்போது நிறைய உடையும். உடைந்தது குருணை. அரிசி மில்லில் புடைத்துக் கொழிக்கிற பெண்களுக்கு அன்றைக்குக் கூலியோடு ஆளுக்கொரு மடி குருணை உண்டு. அம்மா கொண்டுவந்த அந்தக் குருணைக் கஞ்சியைக் குடித்துத்தான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக, அவள் மகள் நான் படித்தேன்.

மில் வாசலில் கணக்கப்பிள்ளை மடியைக் கிளறிப் பார்ப்பார். முழு அரிசி கண்ணில் பட்டால் மறுநாள் வேலை இல்லை. அதனால் அம்மா கிளம்பும் முன் மூலையில் உட்கார்ந்து, குருணையில் கலந்த முழு அரிசியைப் பொறுக்கி மில்லின் அரிசிக் குவியலில் போட்டுவிட்டு வருவாள்.

போன வருடம் எனக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அம்மா மில்லை விட்டு நிற்க வேண்டும், நான் கேட்டது அது ஒன்றுதான்.

“மொதலாளிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு நின்னுக்கிடுதேன்,” என்றாள். இனிப்போடு இருவரும் போனோம்.

“என்ன பாடம் எடுக்கட்டி?” என்றார் முதலாளி.

“தமிழ், அண்ணாச்சி. சொல்லெல்லாம் எப்படி வந்துச்சுன்னு ஆராய்ச்சியும் பண்ணுதேன்.”

“அப்ப குருணைக்கு அர்த்தம் சொல்லு பாப்போம்.”

கொழித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கேலி என்று தெரிந்தும் சொன்னேன். குறு என்றால் சிறியது, நொய் என்றால் நொறுங்கிய அரிசி. குறுநொய் என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் வாய்க்கு வாய் தேய்ந்து குருணை ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

“இதுக்கா இத்தன வருசம் படிச்ச? ஒங்கம்மைட்ட கேட்டிருந்தா கஞ்சி ஊத்தும்போதே சொல்லியிருப்பாளே.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சுட்டது அதுதான்.

முதலாளி கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். “பிள்ளைக்கு வேல கெடச்சிருக்கு. ஒரு மூட்ட ஆட்டோவுல ஏத்திவிடும்வே.”

நின்றுகொள்கிறேன் என்ற வார்த்தையை அம்மா அங்கே சொல்லவே இல்லை.

வீட்டில் மூட்டையைப் பிரித்தேன். குருணை. அதுவும் வண்டு விழுந்தது.

“திருப்பி அனுப்பும்மா.”

“படிச்ச திமிர இங்கன காட்டாதட்டி. மனசோட குடுத்தத திருப்புனா அவுக என்ன நெனப்பாக?”

சுளகில் குருணையைப் பரப்பிப் புடைக்க உட்கார்ந்தாள். வண்டை ஊதித் தள்ளினாள். பிறகு அவள் விரல்கள் முழு அரிசியைத் தேட ஆரம்பித்தன. கிடைத்ததை ஒரு கிண்ணத்தில் தனியாகப் போட்டாள்.

“இங்க யாரும்மா ஒன் மடியப் பாக்கப் போறா?”

“பாக்காட்டா எடுத்துக்கிடலாமா?”

மறுநாள் நான் கல்லூரிக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்தக் கிண்ணத்து அரிசியை முந்தியில் முடிந்துகொண்டு மில்லுக்குக் கிளம்பினாள்.