பின்னறைக் கணினியைப் பற்றி நான் சொல்லாதது

கணேசண்ணையின் கடலை அழித்தது நான்தான். றஞ்சன் அல்ல.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்... ஏனென்றால் உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் துணிவு!

மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மீனவர் சங்கத்தில் கணினிகளைப் பார்ப்பவள் நான். படிப்பு முடித்த சூட்டோடு வந்தேன். வந்த கிழமையே எல்லாக் கணினிகளையும் ஒரே வலையமைப்பில் இணைத்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருளின் புதுப்பிப்பு முதலில் முன்னறையிலுள்ள பெரிய கணினிக்கு இறங்கும். அங்கிருந்து மற்றவற்றுக்குத் தானாகப் போகும். புதுப்பித்த கணினியின் பெயருக்குப் பக்கத்தில் என் திரையில் பச்சை விளக்கு எரியும். பிந்தினால் சிவப்பு. காலையில் தேத்தண்ணிக்கு முன்னரே அந்தப் பச்சையைப் பார்க்க ஓடுவேன். எவ்வளவு பெருமை எனக்கு!

பின்னறையில் ஒரு கணினி. கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் படகிலுள்ள ஜி.பி.எஸ் கருவியின் மெமரி கார்டை அதில் செருகி, தங்கள் புள்ளிகளைச் சேமித்துவைப்பார்கள். புள்ளி என்றால் கடலில் ஓர் இடம். மீன் படுகிற இடம், வலையைக் கிழிக்கிற கல்... ஆண்டுக்கணக்காய்த் தேடிக் கண்டதை ஒருவர் மற்றவருக்குக் காட்டமாட்டார். கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்.

"பிள்ளை, உந்த வயர் எங்கை போகுது?" என்று ஒருநாள், கார்டோடு பின்னறைக்கு வந்த கணேசண்ணை கேட்டார்.

"மற்றக் கொம்பியூட்டருகளுக்கு, அண்ணை."

"அப்ப என்ரை புள்ளியளை முன்னறையிலை இருந்து ஆரும் பாக்கலாமோ?"

"ஏலாது அண்ணை. பாஸ்வேர்ட் போட்டிருக்கு."

"பாஸ்வேர்ட்டோ! உங்கடை சங்கத் தலைவர் என்ரை புள்ளியளைப் பிடிக்க, இருட்டிலை லைட்டை நூத்துப்போட்டு என்ரை படகுக்குப் பின்னாலை வாற ஆள். அவருக்கு உது ஒரு தடையே? கழட்டு பிள்ளை வயரை!"

பின்னால் கார்டுகளோடு நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, "ஓம் ஓம், கழட்டு" என்றார்கள்.

கழற்றினேன். அதில் பிழையில்லை. புதுப்பிப்பைப் பென்ட்ரைவில் கொண்டுபோய்க் கிழமைக்கொருதரம் நானே போடுவதாக ஏற்பாடு. போட்ட பதிவை அதே பென்ட்ரைவில் கொண்டுவந்து ஏற்றினால், என் திரையில் அதற்கும் பச்சை எரியும். கொஞ்சக்காலம் போட்டேன். பிறகு, காற்றையும் அலையையும் கைபேசிக்கு அறிவிக்கும் ஒரு செயலியில் மனம் போய்விட்டது. புதியதென்றால் எனக்கு விசர்... பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை எங்கே?

என் திரையில் பின்னறைக் கணினி சிவப்பாய் எரியத் தொடங்கியது. அந்த ஒற்றைச் சிவப்பு என் பச்சை வரிசையைக் கெடுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுப்பிக்கவில்லை. அதன் பெயரையே நீக்கினேன்! பின்னறைத் திரையில் எழுந்துகொண்டிருந்த எச்சரிக்கையையும் நிறுத்திவிட்டேன். எல்லாம் பச்சை!

கணேசண்ணையின் பழைய கருவி உப்புத்தண்ணீர் பட்டுச் செத்தது. புதியது வாங்கிக்கொண்டு, புள்ளிகளை அதில் ஏற்றுவதற்காகக் கார்டோடு வந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி றஞ்சன். இருவருக்கும் ஒரே படகு, ஒரே சாப்பாட்டுப் பெட்டி.

பின்னறையில் கார்டைச் செருகினேன். புள்ளிகளின் கோப்புகள் எங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாய்ப் பெயர் மாறிப் பூட்டுண்டன. பதறி இழுத்தேன்... பிந்திவிட்டது. கணினியில் வைத்திருந்த பிரதியைத் தேடினேன். அதுவும் அப்படியே பூட்டுண்டு கிடந்தது.

"என்ன பிள்ளை நடந்தது?"

அந்தக் கார்டில் சினிமாப் பாட்டுகளும் கிடந்ததைக் கண்டிருந்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"ஆரோ இதிலை பாட்டு ஏத்தியிருக்கினம், அண்ணை. அதோடைதான் வைரஸ் வந்திருக்கும்."

அவர் மெல்லத் திரும்பி றஞ்சனைப் பார்த்தார்.

"அத்தான்... போன் கடையிலை நாலைஞ்சு பாட்டுத்தான்..."

"என்ரை கடல் முழுக்க அதுக்குள்ளை கிடந்ததடா! உனக்குப் பாட்டுக் கேக்குதோ?"

அவர்கள் போனபின் ஆராய்ந்தேன். பாட்டுகளில் ஒன்றுமேயில்லை! வைரஸ், வேறு எவருடைய கார்டிலிருந்தோ வந்து, பின்னறைக் கணினியில் முன்னரே குடியேறியிருந்தது. அங்கிருந்துதான் அவருடைய கார்டுக்குப் பாய்ந்தது. அதைப் பிடிக்கக்கூடிய புதுப்பிப்போ முன்னறைக் கணினியில் எப்போதோ வந்து கிடந்தது. இடையில் ஒரு சுவர்... என் சோம்பல்...

மற்றவர்களின் பிரதிகளும் போயின. ஆனால் அவர்களுடைய கருவிகள் உயிரோடிருந்தன; புள்ளிகள் அவற்றுக்குள்ளேயே கிடந்தன. கணேசண்ணைக்கு மட்டும் ஒன்றுமில்லை.

பூட்டுண்ட கோப்புகளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். திறக்க வழியில்லை என்றார்கள். றஞ்சன் படகை விட்டு இறங்கிவிட்டான்; முல்லைத்தீவுப் பக்கம் யாருக்கோ கூலிக்குப் போகிறானாம். கணேசண்ணை கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு போய்த் தெரியாத கல்லில் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறார். தெரியாத கல்லா? அவருக்குத் தெரிந்திருந்த கல்!

நான் சொன்னால் புள்ளிகள் திரும்பி வருமா? வராது. றஞ்சன் திரும்பி வருவானா? ...வரலாம். அந்த 'வரலாம்'தான் என்னைத் தின்கிறது. அது தெரிந்தும் வாய் வரவில்லையே! என்னை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்?

போன கிழமை கணேசண்ணை வந்தார். சட்டைப்பையிலிருந்து, பொலித்தீனில் சுற்றிய ஒரு கார்டை எடுத்தார். மறுபடி தேடிப் பிடித்த கொஞ்சப் புள்ளிகள்.

"இந்தா பிள்ளை. இது உன்னட்டையே கிடக்கட்டும். சொந்தக்காரரை நம்பினது போதும்."

"அண்ணை..."

"என்ன பிள்ளை?"

இதைவிட நல்ல தருணம் இனி வாய்க்குமா?

"...பத்திரமா வைச்சிருக்கிறன், அண்ணை."

தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது, வாசலில் பாரை மீன் ஒன்றை எனக்கென்று வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பின்னறைக் கணினியைச் சுத்தமாக்கி, அதன் பெயரை மறுபடி சேர்த்துவிட்டேன். பென்ட்ரைவோடு தினமும் போகிறேன். ஒவ்வொரு காலையும் திரையில் எல்லாம் பச்சை. திரைக்குக் கீழே, மேசை லாச்சிக்குள், அவருடைய கார்ட் கிடக்கிறது... அந்த லாச்சியைத் திறக்க எனக்குக் கை வருவதில்லை.