குதிகாலை அழுத்தும்போது

மெஷினில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்த மறுநாள்தான் மெக்கானிக்கைப் பாய்லர் அறைக்கு மாற்றினார்கள். அவள் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துத்தான் மாற்றினார்கள்.

தையல் கூடத்தில் அவளுக்குக் காலர் என்று பெயர். சிறியவர்கள் காலரக்கா என்பார்கள். சட்டையின் உடம்போடு கழுத்துப்பட்டியை இணைப்பது அவள் வேலை. சட்டை போட்டவன் எதிரே வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடம் அது. ஒரு நூலிழை விலகினாலும் முகத்தில் அடித்தாற்போல் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு பிசிறு வெட்டுகிறவளாகச் சேர்ந்து, பொத்தானுக்கும் கைக்கும் போய், கடைசியாகக் கழுத்துக்கு வந்து நின்றவள். அவள் தைத்த பீஸைச் செக்கிங் மேசையில் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியே தள்ளிவிடுவார்கள். அந்தப் பெருமையை அவள் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் குனிந்த தலைக்குள் அது நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

குனிந்தே இருந்ததில் வீட்டிலும் கழுத்து நிமிர்வதில்லை. கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதுதான் அதிகம். வீட்டில் அவளும் அவனுடைய தங்கையும்தான். நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, கீழே என்ன தேடறீங்க? சொன்னா நானும் சேர்ந்து தேடுவேன்ல."

"உங்கண்ணன் தொலைச்ச மானத்தைத் தேடறேன்."

"அது இந்த வீட்டுக்குள்ள இல்லை. லாரியில போய்ப் பாருங்க."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய மெஷினின் பெடலை முன்பாதத்தால் அழுத்தினால் ஓடும். விட்டால் நிற்கும். குதிகாலைப் பின்பக்கமாக அழுத்தினால் கீழே இருக்கும் கத்தி நூலை அறுத்துவிடும். ஒரு காலரை முடித்துக் குதிகாலை அழுத்துவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒருநாள் முற்பகலில் அப்படி அழுத்தியபோது நூல் அறுபடவில்லை. மெஷின் டட்டட்டட்டென்று விட்டுவிட்டு ஓடி, காலர் முனையைத் தாண்டித் தையல் போட்டுக்கொண்டே போனது. அவள் கையையும் காலையும் எடுத்துவிட்டாள். நின்றது. ஊசியை இறக்கி மறுபடி தைத்தாள். ஒழுங்காக ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டட்டட்டட்.

மெக்கானிக்கை ஸ்பேனர் என்பார்கள். சாப்பிடும்போதும் இடுப்புப் பையில் ஸ்பேனர் இருக்கும் என்பதால் வந்த பெயர். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். எல்லா மெஷினையும் திட்டித் திட்டியே ஓட வைப்பார்.

"என்னம்மா காலர், என்ன சொல்லுது உன் மெஷின்?"

"நான் சொல்லாமலே ஓடுதுண்ணே."

"அவ்வளவு நல்ல மெஷினா? அப்ப நீ வீட்டுக்குப் போ. அதுவே தைச்சு வெச்சிடும்."

அவர் உட்கார்ந்து ஓட்டினார். பட்டுப்போல் ஓடியது. அவள் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மறுபடி அதே சத்தம். பெடலை மாற்றினார். பெடலையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பியை மாற்றினார். மோட்டாரையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டினார். அவர் ஓட்டினால் ஒன்றும் இல்லை. அவள் ஓட்டினால் பேய் பிடித்துக்கொள்கிறது. கழுத்து இல்லாத சட்டைகள் லைனில் குவிந்தன. சூப்பர்வைசர் அம்மாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஸ்பேனர், மெஷினுக்கு உன்னைப் பிடிக்கலையா, காலருக்கு உன்னைப் பிடிக்கலையா?"

லைன் முழுக்கச் சிரித்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாள் காலை அவளைப் பார்த்துக் கத்தினார்.

"மெஷினை ஏதோ பண்றே நீ. என் பிழைப்பில மண்ணைப் போடறதுக்குன்னே பண்றே."

அன்று மத்தியானம் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். "நீ தை, நான் பார்க்கிறேன்" என்றார். அவள் தைத்தாள். குதிகாலை அழுத்தினாள். டட்டட்டட். அவர் வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்விட்டார். தோற்றுப்போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலின் முன்பாதம் அலமாரியின் கீழ்ச் சட்டத்தின்மேல் இருந்தது. குதிகால் கீழே தொங்கியது. அலமாரியில் டம்ளர்கள் கலகலவென்றன.

"யாரு கதவைத் தட்டறது?" என்று நாத்தனார் உள்ளேயிருந்து கேட்டாள்.

யாரும் தட்டவில்லை. அவளுடைய கால்தான். பாதம் மேலும் கீழுமாகத் தானாக அடித்துக்கொண்டிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினாள், நின்றது. குதிகாலைத் தாழ்த்தினாள், ஆரம்பித்தது. நீட்டினாள். தாழ்த்தினாள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"காத்துதான்" என்றாள்.

மறுநாள் மேனேஜர் லைனுக்கு வந்தார். அங்கே எந்தப் பீஸ் கெட்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். காலைப் பற்றி அதில் எதுவும் இருக்காது.

"மெஷினா, கையா?"

அவளுக்குப் பக்கத்தில் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். கை என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். மறுபடி பிசிறு வெட்ட அனுப்புவார்கள். பிறகு ஒருநாள் வரவேண்டாம் என்பார்கள். அவளுக்கு முன்னால் காலர் தைத்துக்கொண்டிருந்தவளை அப்படித்தான் அனுப்பினார்கள். அவளுடைய நாற்காலியில்தான் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"மெஷின்தாங்க" என்றாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். "மெஷினையே சரி பண்ணத் தெரியாதவருக்கு இங்க என்ன வேலை? பாய்லரைப் பார்த்துக்கட்டும்" என்று மேனேஜர் சூப்பர்வைசரிடம் சொன்னார், மெக்கானிக் அங்கே இல்லாததுபோல.

புது மெக்கானிக் வந்தான். மெஷினைத் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, இரண்டு திருகை இறுக்கினான். அன்றிலிருந்து அவள் குதிகாலை அழுத்துவதை விட்டுவிட்டாள். காலர் முடிந்ததும் காலை எடுத்துவிட்டுச் சின்னக் கத்திரியால் நூலைக் கையால் அறுத்தாள். மெஷின் அடங்கிவிட்டது.

"பார்த்தியா, கைராசிக்காரன்" என்றாள் சூப்பர்வைசர். "பழையவன் மோட்டாரையே மாத்திக் கிழிச்சான். இவன் தொட்டதும் சரியாயிடுச்சு."

புது மெக்கானிக் கூச்சத்தோடு சிரித்தான். அவள் கத்திரியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பொய் சொன்னதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது அவள் அறுக்கிற ஒவ்வொரு நூலும் அந்த மனிதருக்கு வேலை தெரியாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மணிக்கு அவர் பாய்லர் பக்கத்திலிருந்து கரியும் வேர்வையுமாக வருவார். அவள் தண்ணீர்க் குழாய்க்கு மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

நாளாக ஆகக் கத்திரியும் கையில் நிற்கவில்லை. விரல்கள் பஞ்சுபோல் இருந்தன. ரவிக்கை ஊக்கு மாட்ட நேரம் பிடித்தது. ஒருநாள் வாசல்படியில் கால் இழுத்து விழுந்தாள். "இனிமே காத்துன்னு சொன்னீங்கன்னா பாருங்க" என்று நாத்தனார் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டருக்குச் சின்ன வயது. அவளை உயரமான பெஞ்சில் உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிடச் சொன்னார். ரப்பர் சுத்தியலால் முழங்கால் சில்லுக்குக் கீழே லேசாகத் தட்டினார். கால் விருட்டென்று எழுந்து அவர் தொடையில் ஓர் உதை விட்டது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க சார், வேணும்னு செய்யலை."

"தெரியும்மா. நீங்க உதைக்கலை. உங்க கால் உதைச்சுது."

"அண்ணனை உதைக்கிறப்பவும் இதையே சொல்லிடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

டாக்டர் சிரித்துவிட்டு, அவள் முன்பாதத்தைக் கையில் ஏந்திச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பாதம் அவர் உள்ளங்கையில் டட்டட்டட்டென்று அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"ஏன் இப்படி அடிக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "தசைக்குள்ள சன்னமா சில இழை இருக்கு. அதுல நரம்பு, கண்டுல நூல் சுத்தின மாதிரி சுத்தியிருக்கும். தசை இழுபட்டா அதுக்குத் தெரிஞ்சிடும். உடனே முதுகுத்தண்டுக்குச் சேதி போகும். அங்கேயே, மூளைகிட்டக் கேக்காம, 'சுருங்கு'ன்னு பதில் வந்துடும். எதிர்ப்பக்கத் தசைக்கு 'நீ விட்டுக்கொடு'ன்னும் சொல்லிடும். இது எல்லாருக்கும் உண்டு. இது இல்லாட்டி நிக்கக்கூட முடியாது. முழங்கால் கொஞ்சம் மடங்கினாலே அப்படியே உக்காந்துடுவோம்."

"அப்ப நல்லதுதானே?"

"அளவா இருந்தா நல்லது. மேலே இருந்து மூளை, அளவா, அளவான்னு அடக்கிக்கிட்டே இருக்கும். உங்களுக்குக் கழுத்துல அந்த வழி நசுங்குதுன்னு நினைக்கிறேன். ஸ்கேன் பார்த்தா தெரியும். மேல சொல்றது கீழ வந்து சேரலை. அதனால பாதம் இழுபட்டா கெண்டைத்தசை வெட்டிச் சுருங்குது. விட்ட உடனே மறுபடி இழுபடுது, மறுபடி சுருங்குது. நிக்காது."

தன் கால் சூப்பர்வைசர் குரல் எட்டாத கடைசி லைன் மாதிரி என்று அவளுக்குப் புரிந்தது. குதிகாலை அழுத்தினால் கெண்டை இழுபடுகிறது. அது சுருங்கிப் பெடலை அடிக்கிறது. பெடல் திரும்பி வந்து அதை மறுபடி இழுக்கிறது. எல்லாம் மேசைக்கு அடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குனிஞ்சு செய்யற வேலையை உடனே விடணும், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்று டாக்டர் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பாதிதான் கேட்டாள். நீங்க உதைக்கலை, உங்க கால் உதைச்சுது. அதையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அதுவும் போய்விட்டது. மெஷின்தாங்க என்று சொன்னது கால் இல்லை. யாரும் சுத்தியலால் தட்டி அதை வரவழைக்கவில்லை. மேனேஜர் கேட்டதற்கும் அவள் சொன்னதற்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. பிசிறு வெட்டுகிற மேசையைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு இருந்தது.

மறுநாள் அவள் நேராகப் பாய்லர் அறைக்குப் போனாள். அவர் ஆவிக் குழாயில் கந்தலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் இடுப்பில் இல்லை.

"அண்ணே, மெஷின்ல ஒண்ணும் இல்லை. என் கால்தான்."

அவர் கந்தலைக் கட்டி முடித்தார். "பார்த்தேன்மா."

"எப்ப?"

"அடியில படுத்தேன்ல, அன்னிக்கு. டார்ச் அடிச்சதும் கால் நடுங்கறதைப் பார்த்தேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அன்னிக்குக் காலைலதானே உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ பயத்துல நடுங்கறேன்னு நினைச்சிட்டேன். ஒரு பொம்பளைய இப்படி நடுங்க வெச்சிட்டோமேன்னு எனக்கே அசிங்கமாப் போச்சு. அதைப் போய் மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவார் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்ணே. மேனேஜர் கேட்டப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். குழாய்க்குள் ஆவி முனகிக்கொண்டிருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "போ. ஷிப்ட் மணி அடிச்சிடுச்சு."

"நீங்களும் வாங்க."

"எதுக்கு?"

"வாங்கண்ணே."

அவள் லைனுக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னாள். "என்ன, பேய் திரும்பி வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் போனாள். மேனேஜர் வந்தார். மெக்கானிக் கரிக்கையோடு கொஞ்சம் தள்ளி நின்றார். புது மெக்கானிக் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

"மெஷின்னு சொன்னேங்க. பொய்" என்றாள்.

ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தை வைத்துத் தைத்தாள். தையல் நேர்கோடாக ஓடியது. முனை வந்ததும் நிறுத்தினாள். கத்திரியை எடுக்கவில்லை. குதிகாலை அழுத்தினாள்.

டட்டட்டட். ஊசி காலரைத் தாண்டித் தோளில் ஏறி, துணியைச் சுருட்டி, நூலை நூல்மேல் போட்டது. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"போதும், மெஷினை நிறுத்து" என்றார் மேனேஜர்.

மெக்கானிக் குனிந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது, ஊசி நின்றது. செத்த பெடல்மேல் பாதம் மட்டும் டக்டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நீட்டவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்தப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. மெக்கானிக்கின் கரி படிந்த செருப்புகள் மட்டும் தெரிந்தன.