பட்டர் ஃப்ரூட் தோல்

எனக்குக் கோழி என்றால் குழம்பில் மட்டும்தான் பழக்கம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு கோழிகள் வந்து சேர்ந்தது என் மனைவியின் வேலை. நான் ரிட்டயர் ஆன வருஷம் வாங்கினாள். "சும்மா உக்காந்து என் உயிர வாங்காம இதுங்களயாவது பாத்துக்குங்க" என்றாள். ஆனால் என்னைப் பக்கத்தில் விட்டால்தானே? முட்டைகோஸின் மேலிலை, கேரட் தழை, கீரைத்தண்டு, மிஞ்சிய இட்லி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி அவளேதான் போடுவாள். எது ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் கேன்சர் என்றார்கள். ஆறு வாரம் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். மூன்றாவது வாரத்தில் தொண்டை வெந்து, தண்ணீர் குடிக்கவே அழுதாள். "எடை இன்னும் எறங்கினா மூக்கு வழியா ட்யூப் போடணும். உடம்பு தாங்கலைன்னா ட்ரீட்மென்ட்டயே நிறுத்த வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோழிகள்தான் அவளைச் சாப்பிட வைத்தன. காலையில் ராகிக் கஞ்சிக் கிண்ணத்தோடு கொல்லைப் படியில் உட்காருவாள். தனக்கு ஒரு வாய், காலடியில் நிற்கும் செம்புநிறக் கோழிக்கு ஒரு வாய். அதே ஸ்பூன்தான். "அது தின்னுது, நானும் தின்னுறேன்" என்பாள். அரை மணி நேரத்தில் அரைக் கிண்ணம் உள்ளே போய்விடும். நான் உள்ளே நின்று, அந்தக் கோழியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானத்துக்கு பட்டர் ஃப்ரூட்டை, அதாவது அவகாடோவை, பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நாள் அவள் தூங்கும்போது, வழித்த தோலை நறுக்கி, கொட்டையில் ஒட்டியிருந்த சதையையும் சுரண்டி, கோழிகளுக்குப் போட்டேன். இத்தனை விலை கொடுத்து வாங்கிய பழத்தை வீணாக்குவானேன் என்றுதான். செம்புநிறக் கோழி மற்றவற்றைக் கொத்தி விரட்டிவிட்டு எல்லாவற்றையும் தானே தின்றது. எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் அது சிறகை உப்பிக்கொண்டு சுவரோரம் தலை தொங்கி நின்றது. விடியற்காலையில் மூச்சு வாங்கியது. அவள் எழுவதற்குள் அதைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். போகும் வழியிலேயே போய்விட்டது. என்ன போட்டேன் என்று அங்கிருந்த மாட்டு டாக்டர் கேட்டார். சொன்னேன். "அய்யோ, அது கோளிகெ விஷ, சார்" என்றார் கன்னடத்தில். விஷம். மனிதனுக்கு நல்லது, கோழிக்கு எமன். யாருக்கய்யா தெரியும் இதெல்லாம்?

வீட்டுக்கு வந்து, பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். என் கையால் செத்தது என்றால் அவள் மனசு விட்டுப்போய்விடும் என்று பயம். "மிச்சத்த கூண்டுல அடைச்சிடுங்க. இனிமே நீங்களே தீனி போடுங்க" என்றாள். அதற்குப் பிறகு படியில் உட்காரவே இல்லை.

சாப்பாடு நின்றது. இரண்டு ஸ்பூன், மூன்று ஸ்பூன், அதோடு சரி. தன் டம்ளரையும் தட்டையும் தனியாக வைத்துத் தானே கழுவினாள். கட்டிலை விட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனால் "எனக்கு நடக்கத் தெரியும்" என்று விலகிவிடுவாள். நோயாளியின் சிடுசிடுப்பு என்று பொறுத்துக்கொண்டேன். பத்தே நாளில் இரண்டு கிலோ குறைந்தாள். திங்கட்கிழமை ட்யூப், அதற்குப் பிறகும் எடை ஏறாவிட்டால் கரண்ட்டை நிறுத்திவிடுவோம் என்றார் டாக்டர்.

அன்று வீட்டுக்கு வந்ததும், ஹாலில் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பட்டர் ஃப்ரூட் தோலப் போட்டுக் கொன்னுட்டேன். மாட்டு டாக்டரே சொல்லிட்டாரு." திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

கரண்ட்டில் கரகரத்துப் போன குரலில் கேட்டாள்.

"அப்போ என் எச்சில் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை.

"அது தல தொங்கி நின்னத அன்னிக்கு சாயங்காலமே பாத்தேன். பூனையாம், பூனை! எனக்கு வெச்ச கரண்ட்டு எச்சில்ல எறங்கி, அந்த ஸ்பூன்ல தின்னுதான் அது செத்துச்சுன்னு நெனச்சேன். அடுத்து நீங்கதானேன்னு..."

தனி டம்ளரும், ஹால் பாயும், கை பட்டால் விலகியதும் எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறுபத்தைந்து வயதில் அப்படி வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். நடுவில் ஓங்கி என் தோளில் ஓர் அடி வைத்தாள். "பாவி மனுஷா, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? மொதல்ல அதுங்களத் தொறந்து விடுங்க."

கூண்டைத் திறந்தேன். அன்றைக்குக் கால் கிண்ணம் கஞ்சி உள்ளே போயிற்று. ஆனாலும் போன எடை போனதுதான். திங்கட்கிழமை ட்யூப் போட்டார்கள். கரண்ட்டை நிறுத்தவில்லை. மூக்கு வழியாக அந்தக் குழாய் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். போட்டு முடித்து, நர்ஸ் போன பிறகும் விடவில்லை.