இடது கதவில் ஒரு கைத்தடம்

கடந்த ஆண்டு நீண்ட பள்ளி விடுமுறையில், ஈப்போவில் என் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடுமுறை வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அப்பாவின் பழைய காரின் சாயத்தை நானே சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது என்று இறங்கினேன். பட்டறைக்கு அனுப்பலாமே என்றார் என் வீட்டுக்காரர். பதினெட்டு வருடமாக வேன் டயரைக்கூட நானே மாற்றுகிறேன், இதற்கு எதற்குப் பட்டறை என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தக் காரை முன்னிட்டுத்தான் நானும் அண்ணனும் அதுவரை மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். கோலா கங்சார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டிய அப்பா, ஆசை ஆசையாய் வைத்திருந்த கார் அது. அப்பாவின் கருமாதி முடிந்த அன்றே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். எனக்கு வந்ததே கோபம்! அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்கு இந்தக் காரைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்று உறவுக்காரர்கள் முன்னால் கத்திவிட்டேன். அது பொய் என்று எனக்கே தெரியும். வாராவாரம் பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனவர் அவர். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயம் எடுப்பது பொறுமையான வேலை. கையுறை போட்டு, சாயத்தை இளக்கும் மருந்தைத் தடவிவிட்டுக் காத்திருந்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தகட்டால் தள்ளினால் சுருண்டு வரும். மேலே பச்சை, அதற்குக் கீழே வெள்ளை, அடியில் நான் சின்ன வயதில் பார்த்த சாம்பல் நீலம். இரண்டு வாரத்தில் அதையும் எடுத்து, சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து முடித்தபோது கார் புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது. ஞாயிறு காலை படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அண்ணனும் அந்தக் குழுவில் இருக்கிறார். எல்லாவற்றையும் பார்ப்பார், எதற்கும் பதில் போடமாட்டார்.

அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து தொட்டுத் தடவிப் பாராட்டினார்கள். எதிர்வீட்டுச் சீனர் மட்டும் பதறிப்போய், வெறும் இரும்பில் கை வைக்க விடாதே, வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும், இன்றைக்கே அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்துவிடு என்று மலாயில் சொன்னார். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று சிரித்துவிட்டு, தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டேன்.

திங்கள் காலை கதவைத் திறந்தால், கார் முழுக்கக் கைகள்! தொட்டவர் தொட்ட இடமெல்லாம் செம்மஞ்சளாகத் துரு பூத்திருந்தது. என்னைத் தவிர யாரையும் திட்ட வழியில்லை. புலம்பிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். இடது கதவில் ஒரு பெரிய கைத்தடம், நன்றாக அழுத்தி வைத்தது. அதில் சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது.

எங்கள் கேட்டுக்குக் கொக்கி மட்டும்தான். நாங்கள் தைப்பிங்கில் இருந்தபோது அண்ணன் வந்து, அந்தக் கதவில் கை வைத்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய சுண்டுவிரலை நசுக்கிப் பாதியாக்கியது அதே கதவுதான். சாத்தியது நான். எனக்கு அப்போது ஏழு வயது, அவருக்குப் பதினொன்று. தானே சாத்திக்கொண்டதாக அப்பாவிடம் சொன்னார். கடைசிவரை அதை மாற்றிச் சொல்லவே இல்லை.

வேனை எடுத்துக்கொண்டு நேராக லகாட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அண்ணன் வாசலுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

“அண்ணே, காடி துரு புடிச்சிருச்சி. நான் அன்னிக்குச் சொன்னது பொய்ண்ணே,” என்று நடுத்தெருவில் நின்று அழுதேன்.

“தெரியும் லா,” என்றார். “அந்தக் காடிய பாக்க பாக்க அப்பா ஞாபகம் வருது. அதான் வேணாம்னேன். நேத்து போட்டோல பாத்ததும் மனசு கேக்கல. இரு, சட்ட மாத்திக்கிட்டு வாரேன்.”

அன்று முழுக்க இரண்டு பேரும் தேய்த்தோம். துருவை மிச்சம் வைத்தால் சாயத்துக்கு அடியிலேயே வளரும், அதனால் அந்தக் கைத்தடத்தையும் எடுத்தாக வேண்டும். இடது கதவை நான் எடுத்துக்கொண்டேன். தேய்க்கும்போதுதான் அத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன், நான்தான் கதவைச் சாத்தினேன் என்று அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று.

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சொல்லியிருந்தா உன்னைய காடி பக்கமே விட்டிருக்க மாட்டாரு. நீதான் ஸ்டேரிங்க புடிச்சிட்டு எறங்கவே மாட்டியே.”

யார் தயவும் இல்லாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். என்னால் அதற்கு மேல் தேய்க்க முடியவில்லை. மீதியை அண்ணனே தேய்த்தார். பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்து முடித்தோம், இந்த முறை யாரையும் தொடவிடவில்லை.

கார் இப்போது பழைய சாம்பல் நீலத்தில் ஓடுகிறது. தினமும் காலையில் பிள்ளைகள் ஏறியதும், வேன் கதவை இழுப்பதற்கு முன் அத்தனை பேருடைய கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். என் கையில் இந்த ஸ்டேரிங் இருப்பதற்கு அண்ணன் கொடுத்தது அந்தப் பாதி விரல் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.