சத்தமில்லாத காற்று

ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ‘பாம்புக்காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூட அவளுக்குத் தூக்கம் போய்விடும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் அவளும் கணினியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கும் ஒரு நாற்காலியும். அந்த நாற்காலி பெரும்பாலும் அவளுடைய அண்ணனுக்குத்தான்.

அண்ணன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “வண்டி லேட்டுன்னு நான் சொன்னா ஜனங்களுக்குக் கோவமே வராது. இன்னும் கொஞ்சம் லேட்டாகட்டும்னு உக்காந்து கேப்பாங்க” என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். பிறகு தங்கையின் கூடத்தில் நாவல்களை வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். கேட்பதற்கான புத்தகங்களை விற்கும் ஒரு நிறுவனம் அந்தக் குரலுக்காகவே இவர்களைத் தேடி வந்தது.

வெளிச்சத்தம் வராமலிருக்க வாசிக்கும் அறையின் இண்டு இடுக்கெல்லாம் அடைத்திருந்தார்கள். அதனால் காற்றும் வராது. ஏசி ஓடினால் உறுமும். நிறுத்தினால் அறை வெந்து போகும். பதிவு நடக்கும்போது நிறுத்துவதும் இடைவேளையில் போடுவதுமாக ஓட்டினார்கள். அண்ணனுக்கு நுரையீரல் கெட ஆரம்பித்ததும் அது நடக்கவில்லை. ஒரு பக்கம் வாசிப்பதற்குள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே வந்து நிற்பார். வேறு வழியில்லாமல் ஏசியைக் குறைத்து ஓடவிட்டே பதிவு செய்து அனுப்பினாள். ‘குரலுக்குப் பின்னால் ஏதோ இரைகிறது’ என்று நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது.

ஏசிக்காரரை வரவழைத்தாள்.

“சத்தமே இல்லாத ஏசின்னு விளம்பரம் பண்றாங்களே தம்பி, அதுல ஒண்ணு மாட்டிடலாமா?”

“அது வீட்டுக்குச் சத்தமில்லாதது அக்கா. உங்க மைக்குக்குக் கேக்கும். அதுவுமில்லாம, அது உள்ள இருக்கற காத்தையேதான் சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். புதுக் காத்து வராது. அண்ணனுக்கு அதுதானே வேணும்?”

“அப்ப என்னதான் பண்றது?”

“மெஷினை இங்கேருந்து தூரமா வைக்கணும். அங்கேருந்து அகலமான குழாய்ல, உள்பக்கம் பஞ்சு ஒட்டி, ரெண்டு மூணு இடத்துல வளைச்சு, காத்தை மெதுவா கொண்டாரணும். குறுகலான வழியில வேகமா வந்தா காத்தே சத்தம் போடும்.” கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இடம்தான் இல்ல. கூரை ரொம்பத் தாழ்வு.”

பின்சுவரை உடைத்தால் வழி கிடைக்கும். மாடியிலிருந்த கட்டட உரிமையாளர் அதற்குப் பிடி கொடுக்கவே இல்லை. அவள் நடையாய் நடந்தாள், கெஞ்சினாள், ஒரு நாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அரைமனதாகச் சம்மதித்தார்.

வேலை முடிந்த அன்று அண்ணன் உள்ளே போய் உட்கார்ந்தார். காற்று எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் வந்தது. “ஆஹா, ஆஸ்பத்திரியிலகூட இப்படிக் காத்து இல்ல” என்றார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். உறுமல் சுத்தமாக இல்லை. அண்ணன் முதல் வரியை வாசித்தார்.

அப்போதுதான் அது அவள் காதில் விழுந்தது. மெல்லிய ஒரு சீழ்க்கை. குழாய் வாயில் இருக்குமோ என்று மெஷினை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் கேட்டது. அண்ணனின் நெஞ்சிலிருந்து வந்தது. இத்தனை நாளும் பழைய ஏசியின் இரைச்சல் அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

“என்ன, சத்தம் போச்சா?” என்றார் அண்ணன் கண்ணாடி வழியாக.

“போச்சு அண்ணே.”

வாக்கியங்களுக்கு இடையில் வந்த மூச்சை அவளால் வெட்ட முடிந்தது. சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்ததைப் பிரிக்க முடியவில்லை. கணினியில் அந்தச் சத்தத்தைக் குறைத்தால் குரலும் சேர்ந்து தகரம் தட்டுவதுபோல ஆனது. மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார், சீழ்க்கை மாறவில்லை. அவள் அண்ணனிடம் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் அண்ணனே வந்து ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டார்.

“இது நானா?”

அவள் மேசைமேல் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்றது? மெஷின்னா கழட்டி மாத்திருப்பேன்.”

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். “பாதிக் கதை அந்தரத்துல நிக்குது. வேற ஆளைப் போடு” என்றார். அவள் வேண்டாம் என்றாள். பதிவைக் கேட்டுவிட்டு நிறுவனமும் அதையே சொன்னபோது ஒப்புக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வாசிக்க வந்தார். உட்கார்ந்ததுமே, “ரூம் எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு! சத்தமே இல்ல. யாருக்கு வந்த யோசனை இது?” என்று கேட்டார். “ஏசிக்காரர் சொன்னார்” என்று சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்கினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“எதுவரைக்கும் போச்சு?”

“அந்தப் பொண்ணு ஊரைவிட்டுக் கிளம்பற இடம் வரைக்கும்.”

“அங்கே அவசரப்படக் கூடாது. நிறுத்தி வாசிக்கணும். வாசிச்சாங்களா?”

“நல்லாத்தான் வாசிச்சாங்க அண்ணே.”

அவர் தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.