தரையை மிதித்த வலது கால்

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். ஐந்தருவியிலிருந்து தென்காசிக்கு இறங்கும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம்; என் பக்கத்தில், நடைவழி ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் கரி ஆயில். பஸ் சரிவில் இறங்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரைப்பலகையை அழுத்தி மிதித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டிரைவர் பாத்துக்கிடுவாரு, அண்ணாச்சி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தென்காசியில் மெக்கானிக்காம். ஒரு பழைய பெட்ரோல் காரில் டீசல் இஞ்சினை ஏற்றியிருக்கிறார்.

"எடை கூடுன இஞ்சின். அதுக்குன்னு ஸ்பிரிங் பட்டையை மாத்துனேன், ரேடியேட்டரை மாத்துனேன், கியர்பாக்ஸ் சேருததுக்குத் தனியா தகடு அடிச்சேன். பிரேக் மட்டும் பழசு. நல்லாத்தானே பிடிக்குதுன்னு விட்டுட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, மொத ஓட்டத்துக்கு எம் பொண்டாட்டி தம்பிகிட்ட சாவியைக் குடுத்தேன். ஐந்தருவிக்கு நல்லா ஏறிட்டான். இறங்கையிலதான் வண்டி நிக்கல. அவனும் போயிட்டான்."

"வீட்டுல என்ன சொன்னாவ?" என்று கேட்டுவிட்டேன்.

"சோறு போடுதா, துணி துவைக்கா. இன்னைக்கு வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுட்டாள்னா நல்லாருக்கும்."

தென்காசியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். நானும் எழுந்தேன். நின்றுவிட்ட பஸ்ஸில் அவர் வலது கால் இன்னும் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. வழி கேட்காமல் மறுபடி உட்கார்ந்தேன்.