சாதிக் பாய் பார்க்காமல் ஏறாத பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை மின்தடை அறிவிப்பொன்றை எழுதி எங்கள் ஊர் இணையதளத்துக்கு அனுப்பிவிட்டு, பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றே காட்டியது. இந்த மனுஷர் இன்னும் என்ன செய்கிறார் என்ற எரிச்சலுடன் சாதிக் பாயை அழைத்தேன். எடுத்தவர் அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா.

"காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனேன்பா. எழுந்திருக்கல. போயிட்டாரு."

நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய் திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். ரயில் நேரம், மின்தடை, காணாமற்போன பை என ஊருக்கு வேண்டியதைப் போட இந்தத் தளத்தைத் தொடங்கினார். எங்கள் இருவருக்கும் கோடிங் தெரியாது. "மேல தலைப்பு, கீழ சேதி, ஓரத்துல படம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரிதான் நைனா" என்பார். லுங்கிக் கடைக்காரனான நானும் அவரும் தட்டுத்தடுமாறி ஒன்றாகத்தான் கற்றோம்.

அவர் நிதானம், நான் அவசரக் குடுக்கை. ஓர் ஆடிக் கிருத்திகைக்கு, முந்தைய ஆண்டுப் பக்கத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றி, அவரிடம் காட்டாமலே வெளியிட்டுவிட்டேன். அந்த ஆண்டு அரக்கோணம் பஸ்கள் நிற்கும் இடம் மாறியிருந்தது. காவடி செலுத்திவிட்டு மலையிறங்கியவர்கள் எங்களை நம்பிப் பழைய இடத்தில் வெயிலில் காய்ந்தார்கள். பாய் பக்கத்தைத் திருத்தினார், கடையைச் சாத்தினார், மாலைவரை அங்கேயே போய் நின்றார். "சைட்ல தப்பா போட்டுட்டோம்ங்க. பஸ்ஸு அந்தாண்ட நிக்குது." ஒருவரிடம்கூட என் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் என் கணக்கிலிருந்து வெளியிடும் உரிமையை எடுத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோச்சிக்காத நைனா. நான் எழுதறதையும் நீ பாத்து ஆங்னு சொன்னாதான் போடுவேன். எழுதனவன் கண்ணுக்குத் தப்பு தெரியாது" என்றார். கடைசிவரை சொன்னபடியே நடந்தார். ஒரு வரி அறிவிப்புக்கும் எனக்கு போன் வரும்.

இன்று வியாழன். இந்த அஞ்சலியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எழுதினாலும் என்னால் ஏற்ற முடியாது. ஒப்புதல் பொத்தான் அவர் கைப்பேசியில்தான் இருக்கிறது. தயங்கித் தயங்கி அக்காவை அழைத்துச் சொன்னேன். 

"உன் கரண்டு கட்டு சேதியும் அவரு போன்ல நின்னுகினு இருக்குதுப்பா. புதன்கிழமைன்னு எழுதியிருக்கே. இன்னிக்குத்தானே கரண்டு போச்சு? அதான் நான் போடல."

நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். தப்புதான்.

"இதையும் அனுப்பு. படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்" என்றார்.

அனுப்புகிறேன், பாய். இது ஊர் கண்ணில் படுகிறதென்றால், அக்கா கடைசி வரிவரை பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இந்த முறை நான் அவசரப்படவில்லை. போய் வாருங்கள்.